பள்ளிக்கும் வேலையிடத்துக்கும் நடுவில் ஓர் அமைப்பு எதற்கு?

ஒரு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் கேட்டிருக்கும் கேள்வி இது. பள்ளிகளையும் நிறுவனங்களையும் இணைத்து மாணவர்களை வேலை உலகத்துக்குத் தயார் செய்யும் அமைப்பு ஒன்று அவர்கள் பள்ளியை அணுகியிருக்கிறது. "நாங்களே நேரடியாக கம்பெனிகளிடம் பேசிக்கொள்ள முடியாதா? நடுவில் இவர்கள் எதற்கு? சேர்வதாக இருந்தால் எதைப் பார்த்து முடிவு செய்வது?" என்று கேட்கிறார். இந்த நடு வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நேரடியாகத் தாராளமாகப் பேசலாம். பல பள்ளிகள் பேசுகின்றன. தலைமையாசிரியருக்கோ பெற்றோர் ஒருவருக்கோ பழக்கமான கம்பெனியில் ஓர் ஏற்பாடு நடக்கும், இரண்டு வருடம் நன்றாகவே போகும். அப்புறம் அந்தத் தலைமையாசிரியர் மாற்றலாகிப் போவார், இல்லையென்றால் கம்பெனியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் வேறு இடத்துக்குப் போவார். அதோடு சரி. அடுத்து வருபவருக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பதே தெரியாது. தனி மனிதர்களின் நட்பை நம்பி நடக்கும் ஏற்பாடு அந்த மனிதர்கள் இருக்கும் வரைதான் நிற்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளிக்கும் கம்பெனிக்கும் காலண்டர் ஒன்றல்ல. பள்ளியின் ஆண்டு தேர்வுகளை வைத்து ஓடுகிறது. கம்பெனியின் ஆண்டு ஆர்டர்களையும் கணக்கு முடிவையும் வைத்து ஓடுகிறது. தேர்வு முடிந்து பள்ளிக்கு ஓய்வு கிடைக்கும் வாரத்தில் கம்பெனியில் தலைக்கு மேல் வேலை இருக்கும். பள்ளியிலிருந்து ஒருவர் போன் செய்தால், அந்தப் பக்கம் யார் பதில் சொல்வது என்பதே தெளிவாக இருக்காது. எச்.ஆர். பாதுகாப்புப் பிரிவைக் கேட்கச் சொல்லும், பாதுகாப்புப் பிரிவு இன்ஷூரன்ஸைப் பற்றிக் கேட்கும், கடைசியில் "மெயில் அனுப்புங்கள், பார்க்கிறோம்" என்று முடியும். எட்டு பாட வேளையும் வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு இதன் பின்னால் அலைய நேரம் ஏது? அதே சமயம் ஊரறிந்த பெரிய நிறுவனத்துக்கு ஒரே மாதத்தில் பத்து பள்ளிகள் கடிதம் எழுதும். நாற்பது பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறையை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். கற்றுக்கொடுக்க அங்கே அருமையான ஆள் இருப்பார்.

இந்த அலைச்சலைத் தாங்கள் ஏற்றுக்கொள்வதுதான் இணைப்பு அமைப்பின் அன்றாட வேலை. ஆனால் அலைச்சலைக் குறைப்பதற்காக மட்டும் ஓர் அமைப்பில் சேருங்கள் என்று சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

அப்பா பொறியாளராகவோ அம்மா வங்கி அதிகாரியாகவோ இருக்கும் பிள்ளைக்கு இந்த அமைப்பு எதுவும் தேவையில்லை. வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடமிருந்தே அது வேலை உலகத்தைக் கற்றுக்கொள்கிறது. எந்தப் படிப்புக்கு எந்த வேலை, எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் சாப்பிடும்போதே காதில் விழுந்துவிடும். விடுமுறையில் ஒரு வாரம் மாமாவின் அலுவலகத்தில் போய் உட்காரும். வீட்டில் அப்படி யாரும் இல்லாத பிள்ளை அதே மதிப்பெண் வாங்கினாலும் இதெல்லாம் தெரியாமல்தான் பள்ளியை விட்டு வெளியே வருகிறது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது. அறிமுகங்கள் வழியாக வேலை கிடைத்தவர்களை அவர் விசாரித்தபோது, பெரும்பாலானவர்களுக்கு அந்தத் தகவல் நெருங்கிய நண்பர்களிடமிருந்து வரவில்லை. எப்போதாவது பார்க்கும் ஆட்களிடமிருந்துதான் வந்திருந்தது. அப்படிப்பட்ட ஆட்கள் ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அந்தக் குடும்பம் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

இங்கிலாந்தில் 2012இல் வெளியான ஓர் ஆய்வு இதை இளைஞர்களிடமே கேட்டுப் பார்த்தது. 19 முதல் 24 வயது வரையிலான சுமார் 1,000 பேரிடம், பள்ளியில் படித்தபோது வேலை உலகத்தைச் சேர்ந்தவர்களை எத்தனை முறை சந்தித்தீர்கள் என்று கேட்டார்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட சந்திப்புகள் நினைவில் இருந்தவர்கள் படிப்பும் இல்லாமல் வேலையும் இல்லாமல் இருக்கும் வாய்ப்பு, ஒன்றுமே நினைவில் இல்லாதவர்களுக்கு இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குதான். முழு நேர வேலையில் இருந்தவர்களிடையே சம்பளமும் 16 சதவீதம் கூடுதல். இது நினைவை வைத்து எடுத்த கணக்கு, காரணம் இதுதான் என்று நிரூபித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. இருந்தாலும், ஒரே ஒரு பெரிய விழா நடத்திவிட்டு முடித்துக்கொள்ளும் பள்ளிகளுக்கு இதில் நல்ல பாடம் இருக்கிறது. பல முறை, பல ஆட்களைப் பார்க்க வேண்டும்.

2018இல் உலகெங்கும் 20,000 ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளிடம், பெரியவர்களானதும் என்ன ஆக விரும்புகிறீர்கள் என்று படம் வரையச் சொன்னார்கள். தாங்கள் வரைந்த வேலையைப் பற்றிப் பள்ளிக்கு வந்து பேசிய ஒருவர் மூலம் தெரிந்துகொண்டவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. சொந்தக்காரர்கள், டிவி, சினிமா ஆகியவையே அவர்களுக்கு வேலை உலகம். பதினைந்து வயதிலும் இது பெரிதாக மாறிவிடுவதில்லை. 41 நாடுகளின் மாணவர்களைப் பற்றி ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பையன்களில் 47 சதவீதமும் பெண்களில் 53 சதவீதமும் வெறும் பத்து வேலைகளுக்குள்தான் தங்கள் எதிர்காலத்தைப் பார்க்கிறார்கள். மருத்துவர், ஆசிரியர், பொறியாளர், போலீஸ் என்று போகிறது அந்தப் பட்டியல். அளவைக் கருவிகளைச் சரிபார்ப்பவர், குளிர்பதனக் கிடங்கை நடத்துபவர், இன்ஷூரன்ஸ் இழப்பை மதிப்பிடுபவர் என்று ஆயிரக்கணக்கான நல்ல வேலைகள் பிள்ளைகளின் கண்ணிலேயே படுவதில்லை.

மாணவர்களின் பயிற்சிக்காக நாங்கள் நடத்திய மாதிரி நேர்காணல் ஒன்றைச் சொல்கிறேன். பதினாறு வயதுப் பெண். எதிரே ஒரு கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி. "ஏதாவது அனுபவம் இருக்கா?" என்றார். "எதுவும் இல்ல சார்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விடாமல், "ஸ்கூல் விட்டுப் போனதும் வீட்டுல என்னம்மா பண்ணுவே?" என்று கேட்டார். "கடையில அப்பாவுக்குக் கணக்கு எழுதுவேன்." "எத்தனை வருஷமா?" "எட்டாங்கிளாஸ்லேர்ந்து." "கடன் வாங்கினவங்க கணக்கும் நீதான் எழுதுவியா?" "ஆமா சார். யார் யார் எவ்வளவு பாக்கின்னு மாசக் கடைசியில அப்பாகிட்ட சொல்லணும்." பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: "இதுக்குப் பேர்தான் அனுபவம். இதையே எங்க ஆபீஸ்ல ஒரு டிபார்ட்மென்ட் பண்ணுது." ஆசிரியர்களும் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும் ஒருவர் வாயிலிருந்து வந்தபோது அந்தப் பெண் அதை நம்பினாள். வெளியாள் ஒருவர் பள்ளிக்குள் வருவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த அதிகாரிக்கு அப்படிக் கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் "ஒன்றும் இல்லை" என்று சொன்னால் வீட்டு வேலை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, கடை, விளையாட்டு என்று கிளறிக் கேளுங்கள் என்று எல்லா நேர்காணல் செய்பவர்களுக்கும் ஒரு பக்கக் குறிப்பு கொடுத்திருந்தோம். நடு அமைப்பு நல்லதா இல்லையா என்பது இந்த மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத தயாரிப்பில்தான் இருக்கிறது.

கம்பெனியைப் பார்க்கக் கூட்டிப் போவதையே எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பு இல்லாமல் போனால் எப்படி இருக்கும்? அறுபது பிள்ளைகள் பஸ்ஸில் போவார்கள். ஒரு கூடத்தில் உட்கார வைத்து கம்பெனியின் வரலாற்றை அரை மணி நேரம் திரையில் காட்டுவார்கள். பிறகு வரிசையாக நடந்து, இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல், முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே சுற்றி வருவார்கள். பிஸ்கட், குரூப் போட்டோ, வீடு. மறுநாள் வகுப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

நன்றாகச் செய்தால் பன்னிரண்டு பேர் போதும். போவதற்கு முந்தைய வாரமே வகுப்பில் அந்தக் கம்பெனி என்ன செய்கிறது, யாருக்கு விற்கிறது என்று பேசியிருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையும் மூன்று கேள்விகள் எழுதி வைத்திருக்கும். கம்பெனி தரப்பில் பேசப்போவது மக்கள் தொடர்பு அதிகாரியாக இல்லாமல், மூன்று நான்கு வருடம் முன்புதான் வேலைக்குச் சேர்ந்த ஒரு டெக்னீஷியனாக இருப்பார். அவரிடம் நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: "கம்பெனியைப் பற்றிச் சொல்லாதீர்கள். போன வாரம் உங்களுக்குத் தலைவலி கொடுத்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள், அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று சொல்லுங்கள்." அவர் பழுதான ஒரு பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தால் பிள்ளைகள் அசையமாட்டார்கள். திரும்பி வந்ததும் இயற்பியல் ஆசிரியர் அதே பாகத்தை வைத்து உராய்வைப் பற்றி ஒரு பாடம் எடுப்பார். போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம், வந்த பிறகு ஒரு மணி நேரம். இந்த இரண்டு மணி நேரம் இல்லையென்றால் பயணத்தையே ரத்து செய்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

பார்வையிடலுக்கு மேலே ஒருவரோடு ஒருநாள் முழுக்கக் கூடவே இருந்து கவனிப்பது, சில வாரப் பயிற்சி, சம்பளத்தோடு அப்ரண்டிஸ் என்று படிகள் போகின்றன. அவற்றை விவரிக்கத் தேவையில்லை. ஆனால் முதல் நாள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பயிற்சிக்குப் போகும் பிள்ளை வாசலில் செக்யூரிட்டியிடம் யார் பெயரைச் சொல்ல வேண்டும், எங்கே உட்கார வேண்டும், கழிப்பறை எங்கே, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்கலாம், போன் வைத்துக்கொள்ளலாமா என்பது தெரியாமல் தவிக்கும். பாதியில் நின்றுவிட்ட பிள்ளைகள் பலரிடம் பேசியதில், வேலை கடினமாக இருந்தது என்று சொன்னவர்கள் குறைவு. "யாரும் என்னைக் கண்டுக்கல" என்றவர்களே அதிகம். உள்ளே போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லக்கூடிய ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். முதல் வாரத்திலேயே இணைப்பு அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் நேரில் போய்ப் பார்க்கவும் வேண்டும்.

இதெல்லாம் உண்மையில் பலன் தருகிறதா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த வலுவான சான்று அமெரிக்காவின் கேரியர் அகாடமிகள் பற்றியது. 1969இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பள்ளியும் மின்சார நிறுவனமும் சேர்ந்து தொடங்கியதிலிருந்து பரவிய முறை இது. பெரிய பள்ளிக்குள்ளேயே ஒரு சின்னக் குழு இருக்கும், அதே ஆசிரியர்களோடு மூன்று நான்கு வருடம் படிக்கும். ஒரு தொழில் துறையைச் சுற்றிப் பாடங்கள் அமையும், உள்ளூர் நிறுவனங்கள் கூடவே இருக்கும். 1990களில் எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் ஒன்பது பள்ளிகளில், இடத்தைவிட அதிகமாக விண்ணப்பித்த மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சேர்ந்தவர்களையும் சேர முடியாமல் போனவர்களையும் பள்ளி முடித்து எட்டு ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தது. குலுக்கல் என்பதால் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் சேர்ந்தார்கள் என்று யாரும் குறை சொல்ல முடியாது.

மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை. பள்ளியை முடித்தவர்களின் விகிதத்திலும் இல்லை. அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்த முறை தோற்றுவிட்டது என்று எழுதி மூடியிருப்பார்கள். ஆனால் எட்டு ஆண்டுகளின் சராசரி வருமானத்தில் அகாடமி மாணவர்கள் 11 சதவீதம் மேலே இருந்தார்கள். இளைஞர்களில் ஆண்களை மட்டும் எடுத்தால் சுமார் 17 சதவீதம். பெண்களிடம் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை, அதை மறைக்கக் கூடாது. பலன் தேர்வுத் தாளில் தெரியாமல் வருடங்கள் கழித்துச் சம்பளத்தில் தெரிந்ததைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது கூடுதல் பாட அறிவு இல்லை. வேலையிடத்தில் எப்படி நடந்துகொள்வது என்ற பழக்கமும், யாரைக் கேட்கலாம் என்ற அறிமுகமும் கிடைத்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அதனால்தான், இந்தத் திட்டத்தால் ரிசல்ட் கூடுமா என்று நிர்வாகம் கேட்டால், கூடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்கிறேன்.

நடு அமைப்பு எவ்வளவு வலுவாக இருக்க முடியும் என்பதற்கு ஜெர்மனியைப் பார்க்க வேண்டும். அங்கே தொழிற்பயிற்சி 1969இல் சட்டமாக்கப்பட்டது. பயிற்சி மாணவர் வாரத்தில் மூன்று நான்கு நாள் கம்பெனியிலும் மீதி நாள் தொழிற்பள்ளியிலும் இருப்பார். அங்கீகரிக்கப்பட்ட தொழில்கள் முந்நூறுக்கு மேல். இரண்டு தரப்புக்கும் நடுவில் நிற்பவை தொழில் வணிகச் சபைகளும் கைவினைத் தொழில் சபைகளும். அந்தந்தப் பகுதி நிறுவனங்கள் அவற்றில் உறுப்பினராக இருப்பது சட்டப்படி கட்டாயம். பயிற்சி ஒப்பந்தத்தைச் சபையில் பதிய வேண்டும். கற்றுத்தருபவருக்குத் தகுதி இருக்கிறதா என்று சபை பார்க்கும். சபையின் ஆலோசகர் கம்பெனிக்கே போய் விசாரிப்பார். இறுதித் தேர்வை நடத்தும் குழுவில் முதலாளிகள் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருப்பார்கள், ஆசிரியரும் இருப்பார். இதை அப்படியே வேறு நாட்டில் நட்டு வளர்க்க முடியாது. பலர் முயன்று பார்த்திருக்கிறார்கள். ஆனால் நடுவில் இருப்பவருக்கு இரண்டு தரப்பையும் "இது சரியில்லை" என்று சொல்லும் அதிகாரம் வேண்டும் என்ற பாடத்தை எங்கேயும் எடுத்துக்கொள்ளலாம்.

வேறு வகையில் செய்தவர்களும் உண்டு. 1996இல் சிகாகோவில் இயேசு சபையினர் தொடங்கிய கிறிஸ்டோ ரே பள்ளி, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக்குத் தயார் செய்யும் படிப்பைக் கொடுக்க நினைத்தது, ஆனால் கட்டணம் கட்ட யாராலும் முடியாது. நான்கு மாணவர்கள் சேர்ந்து ஓர் அலுவலகத்தின் முழு நேர வேலையைப் பகிர்ந்துகொள்வது என்று முடிவானது. ஒவ்வொருவரும் மாதத்துக்கு ஐந்து நாள் போவார்கள். அந்தச் சம்பளம் பள்ளிக் கட்டணத்துக்குப் போகும். பணத்துக்காகப் பிடித்த வழி, பிள்ளைகளுக்கு நான்கு வருட அலுவலக அனுபவமாக ஆனது. 2011இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஐபிஎம் நிறுவனமும் நகரக் கல்வித் துறையும் நகரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆறு ஆண்டுப் பள்ளி ஒன்றைத் தொடங்கின. பள்ளிச் சான்றிதழோடு இரண்டாண்டுக் கல்லூரிப் பட்டமும் செலவில்லாமல் கிடைக்கும்படி செய்தார்கள்.

இனி கம்பெனிகள் எதற்காக வருகின்றன என்பதையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். சேவை மனப்பான்மையில் வருகிறவர்கள் முதல் வருடம் உற்சாகமாக இருப்பார்கள், லாபம் குறைந்த வருடம் காணாமல் போவார்கள். எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை, அதனால் வருகிறோம் என்று சொல்லும் கம்பெனியையே நான் அதிகம் நம்புவேன், அவர்களுக்குத் தேவை இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் சராசரியாகப் பார்த்தால் பயிற்சிக் காலத்திலேயே நிறுவனம் செலவை மீட்டுவிடுகிறது. ஜெர்மனியில் பயிற்சி முடித்தவர் அங்கேயே தங்கினால்தான் லாபம். கணக்கு எதுவாக இருந்தாலும், கம்பெனிக்கும் அதில் ஒரு கணக்கு இருந்தால்தான் ஏற்பாடு நிலைக்கும்.

அந்தக் கணக்கு "சம்பளமில்லாத ஆள்" என்று ஆகிவிடக் கூடாது. இதில் கண்டிப்பாக இருங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு ஒப்பந்தம் வேலைக்கான குறைந்தபட்ச வயதைப் பொதுவாக 15 என்றும் ஆபத்தான வேலைகளுக்கு 18 என்றும் வைத்திருக்கிறது. பள்ளியின் பொறுப்பில், கல்வித் திட்டத்தின் பகுதியாக நடக்கும் பயிற்சிக்கு அது விலக்கு தருகிறது. கற்பித்தல் நின்றுபோன நாளிலிருந்து அந்த விலக்குக்கு அர்த்தமே இல்லை. மூன்று வாரமாக ஒரு பிள்ளை பெட்டி மட்டும் கட்டிக்கொண்டிருந்தால், அடுத்த நாளே திரும்ப அழைத்து வர ஒருங்கிணைப்பாளருக்குத் தைரியம் இருக்க வேண்டும்.

உங்களை அணுகிய அமைப்பிடம் முதலில் கேட்க வேண்டியது, மாணவர்களை யார், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது. "நல்லாப் படிக்கிற இருபது பேரைக் கொடுங்கள்" என்று கேட்டால் யோசியுங்கள். கம்பெனிக்கு முன்னால் பெருமையாகக் காட்டிக்கொள்ள அது உதவும், ஆனால் அந்த இருபது பேரில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே வீட்டிலேயே வழிகாட்டுகிறவர்கள் இருப்பார்கள். கடைசி பெஞ்சுப் பையனையும் சேர்த்து முழு வகுப்பையும் எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். இங்கிலாந்தில் 2014இல் காட்ஸ்பி அறக்கட்டளை பள்ளிகளின் தொழில் வழிகாட்டுதலுக்கு எட்டு அளவுகோல்களை வகுத்தபோது, 11 வயதிலிருந்து ஒவ்வொரு மாணவரும் வருடத்துக்கு ஒரு முறையாவது வேலை உலகத்தைச் சேர்ந்தவரைப் பொருளுள்ள விதத்தில் சந்திக்க வேண்டும் என்றது. "ஒவ்வொரு மாணவரும்" என்பதை அழுத்தி வாசியுங்கள்.

அடுத்து, மூன்று வருடம் முன்பு அவர்களோடு இருந்த கம்பெனிகளில் எத்தனை இன்னும் இருக்கின்றன என்று கேளுங்கள். பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளோடு தொடர்பில் இருக்கிறார்களா, அவர்களில் இரண்டு மூன்று பேரிடம் நீங்களே பேசலாமா என்று கேளுங்கள். எத்தனை ஆயிரம் மாணவர்களைத் தொட்டோம் என்ற எண்ணிக்கை எனக்குப் பெரிதாகப் படுவதில்லை, ஒரு கூட்டத்தில் ஆயிரம் பேரை உட்காரவைப்பது சுலபம். அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்கத் தயங்க வேண்டாம். ஒரே கம்பெனியின் பணத்தில் ஓடும் அமைப்பு அந்தக் கம்பெனிக்கு எதிராக ஒரு புகாரை எடுத்துப் பேசுமா? பிள்ளை தனியாக ஒரு பெரியவரோடு இருக்கும் நேரங்களில் என்ன ஏற்பாடு, புகார் வந்தால் யார் எடுத்துக்கொள்வார், எவ்வளவு நேரத்தில் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. அமைப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பள்ளியில் இதற்கென்று ஒரு ஆசிரியர் இல்லையென்றால் நடக்காது. ஏற்கெனவே இருக்கும் வேலைக்கு மேல் இதையும் அவர் தலையில் கட்டினால் ஆறு மாதத்தில் களைத்துவிடுவார். வாரத்துக்கு மூன்று நான்கு பாட வேளைகளை அவருக்குக் குறைத்துக் கொடுக்க நிர்வாகம் சம்மதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். சம்மதித்தால், ஒரே ஒரு வகுப்பை வைத்து ஆரம்பியுங்கள். கல்வியாண்டு தொடங்கும் முன்பே உங்கள் தேர்வு அட்டவணையையும் இரண்டு மூன்று கம்பெனிகளின் வேலை நெருக்கடி மாதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரு தரப்புக்கும் ஒத்துவரும் நான்கு நாட்களை அந்த ஒருங்கிணைப்பாளரோடு உட்கார்ந்து குறித்துவிடுங்கள். பெற்றோர் கூட்டத்தைப் பயிற்சிக்கு முன்னால் வையுங்கள், பின்னால் வேண்டாம். "படிக்க அனுப்பினால் வேலைக்கு அனுப்புகிறார்களே" என்ற பயம் பல வீடுகளில் இருக்கும், அதற்கு நேரில் பதில் சொல்ல கம்பெனியிலிருந்தும் ஒருவர் அந்தக் கூட்டத்துக்கு வரட்டும்.